ஓடைக்கு இந்தப் பக்கம்

பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். காலைக் காபிக்கு முன் எலியேசர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டுவார். போன வருடம்வரை, திரும்பும்போது தொப்பிக்குள் ஈரப்பாசி இருக்கும். பாசிக்குள் ஒரு சலமாந்தர்: பார்த்தால் பல்லி மாதிரி, உறவு தவளையோடு. சில நாள் இரண்டு.

அவர் இந்த மழைக்காட்டின் காவலர். நான் காவல் குடிலில் சமைக்கிறேன். சுவரில் ஒரு வரைபடம் உண்டு. எங்கள் சலமாந்தர் ஓடையின் மேற்குக் கரையில் மட்டும் வாழ்வதாக அதில் விரலளவு சிவப்புத் தீட்டியிருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லை என்பதால்தான் இந்தக் குடிலும் எங்கள் வேலையும்.

"அக்கரையிலயும் இருக்குன்னு தெரிஞ்சா இது சாதாரணப் பிராணி ஆயிடும், நெரெய்தா. நாமளும் சாதாரண ஆளுங்க ஆயிடுவோம்" என்பார். அதனால் எல்லை தாண்டியவற்றைப் பிடித்துவந்து, மரக்கிளையில் ஒட்டி வளர்ந்து, இலைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நிற்கும் செடிகளுக்குள் விடுவார். விடும்போது திட்டு வேறு. "மறுபடியும் போனீங்களா? படம் பாக்கத் தெரியாதா உங்களுக்கு?" எங்கள் ஊரில் கோழியைக்கூட 'நீங்க' என்றுதான் சொல்வோம்.

யாராவது பல்லி என்றால் பொறுக்க மாட்டார். "செதில் எங்க? நுரையீரல் எங்க? தோலாலயே மூச்சு விடுது சார். உங்களால முடியுமா?" வந்தவர் முடியாது என்று ஒப்புக்கொண்ட பிறகே காபி ஊற்றச் சொல்வார்.

போன வருடம், குடிலை மூடிவிடலாமா என்று பார்க்க நகரத்திலிருந்து பிராணி ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா வந்தார். பூதக்கண்ணாடியும் கையுமாக ஒரு வாரம் சலமாந்தர் பாதங்களையே பார்த்தார். ஏழாம் நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்: "இங்க இருக்கறது ஒரு இனம் இல்ல, ரெண்டு. ஒண்ணுக்கு விரல் நடுவுல சவ்வு இருக்கு, இன்னொண்ணுக்கு இல்ல. அக்கரை முழுக்கத் தேடிட்டேன், ஒண்ணுகூடக் கிடைக்கல. நீங்க எப்பவாவது அங்க பாத்திருக்கீங்களா?"

எலியேசரின் கரண்டி பாதியில் நின்றது. சவ்வில்லாதவற்றுக்கு எது சொந்தக் கரை என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் காது சிவந்ததில், அவருக்கும் புரிந்தது தெரிந்தது.

"தினமும் போய்த் தேடறேன், டாக்டரம்மா" என்றார். "இப்பல்லாம் ஒண்ணும் அகப்படறதில்ல."

நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் கறுப்பு பீன்ஸ் போட்டேன்.

இப்போது வரைபடத்தில் சிவப்பின் மேல் நீலமும் ஏறியிருக்கிறது. இரண்டு அரிய இனங்கள் வாழும் ஒரே கரை. குடிலை மூடவில்லை. எலியேசர் இன்றும் காபிக்கு முன் ஓடையைத் தாண்டுகிறார். கிளம்புமுன், செடி செடியாகப் பாதம் பார்த்துச் சவ்வில்லாததைப் பொறுக்கி எடுக்கிறார். "டாக்டரம்மா வர்றப்ப மட்டும் அக்கரையில தலை காட்டாதீங்க, சரியா?" என்பது என் அடுப்படிவரை கேட்கிறது.

போகும்போது தொப்பியில் பாசி இருக்கிறது. வரும்போது தொப்பி தலையில் இருக்கிறது.