மழையில் அடித்த வெயில்

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகளை வாசிக்க வைக்கக் கிளம்பியவன் நான். கதைப்புத்தகத்தை எடுத்தாலே பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். சரியென்று, ஞாயிறுதோறும் அவர்கள் ஆடும் ஃபுட்பாலையே கதையாக எழுதித் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒட்டினேன். மொய்த்துப் படித்தார்கள். ஐந்தாவது படிக்கும் நஸ்ரின் மட்டும், "எனக்குப் படிக்க வராதுண்ணா" என்று ஒதுங்கிவிடுவாள்.

ஒரு ஞாயிறு கோல்கீப்பர் வராததால் நானே நின்றேன். நஸ்ரின் அடித்த பந்து என் கால்களுக்கு நடுவே போனது. தொப்பை மறைத்ததில் எனக்குப் பந்தே தெரியவில்லை. மானம் போகுமே என்று, 'வெயில் கண்ணில் பட்டுக் கோல்கீப்பர் தடுமாற, பந்து தானாக உருண்டு கோலானது' என்று எழுதி ஒட்டினேன்.

"உன் பேரையே காணோம்டி" என்று தோழிகள் சீண்ட, நஸ்ரின் வந்தாள். விரல் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டி, கடைசிவரை படித்தாள்.

"பென்சில் குடுங்கண்ணா."

என் தாளிலேயே எழுதினாள்: 'அண்ணா பொய் சொல்லுது. அன்னிக்கு மழை. நான் இடது காலில் அடிச்சேன். அண்ணாவுக்குக் குனிய முடியல.'

எனக்கு வெட்கம் பாதி, குதிக்கலாம் போலச் சந்தோஷம் பாதி.

"கீழே பேரு போடு நஸ்ரின்."

"கிழிச்சிட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

என் பெயரைவிடப் பெரிதாக அவள் பெயரைப் போட்டாள்.

இப்போது ஆட்டக் கதையை எழுதுவது நஸ்ரின்தான். அதில் என்னைப் பற்றி இதுவரை ஒரு நல்ல வார்த்தை கிடையாது. ஆனாலும் ஷிப்ட் முடிந்து வந்ததும், முகம்கூடக் கழுவாமல், நான் முதலில் போய் நிற்பது அந்தச் சுவர் முன்னால்தான்.