நித்திரை கொள்ளாத வீடு

மகளுக்கு வருத்தம் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனால், இந்த லண்டனில் நர்ஸ் தகப்பனைப் பார்த்து, "நீங்கள் நன்றாக நித்திரை கொள்கிறீர்களா?" என்று கேட்கிறாள். வலிப்பு எனக்கில்லை, ஐயா! என் மகள் துளசிக்கு. பத்தொன்பது வயது. அதுவும் நித்திரையில்தான் வரும், விடியப்புறமாக. நான் நித்திரை கொண்டால் என்ன, விட்டால் என்ன? ஆனாலும் கேட்டதற்குப் பெருமையாகவே சொன்னேன்: "இல்லவே இல்லை. நானும் மனிசியும் ஷிப்ட் போட்டு முழித்திருக்கிறோம்." எங்கள் சனமென்றால், "பாவம், பிள்ளையை என்னமாதிரிப் பார்க்கினம்" என்று உருகியிருக்கும். இவளோ பேனாவை வைத்துவிட்டு, என்ன வேலை என்று கேட்டாள். டெலிவரி வான் ஓட்டுகிறேன் என்றேன். அவள் முகம் மாறியது. லைசென்ஸைப் பறிக்கப் போகிறாளோ என்று பயந்தேன். "முதலில் நீங்கள் இருவரும் நித்திரை கொள்ளவேண்டும்" என்றாள். என்ன கல்நெஞ்சக்காரி என்றுதான் நினைத்தேன்.

துளசிக்கு முதல் வலிப்பு வந்தபோது ஜெர்மனியில் இருந்தோம். சின்னப் பிள்ளை. பல்லைக் கடித்தபடி உதறியவளின் கைக்குள் மனிசி வீட்டுக் கதவு பூட்டும் திறப்புக் கோர்வையைத் திணித்தாள். இரும்பு பிடித்தால் நிற்கும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. வலிப்பு தானாக நின்றது, புகழ் திறப்புக்குப் போனது. பிறகு இங்கே வந்து, கோலியர்ஸ் வுட்டில் வீடெடுத்து, துளசியின் கட்டிலோடு ஒட்டி ஒரு மெத்தை போட்டோம். முன்னிரவு மனிசி, பின்னிரவு நான். மூச்சுக் கொஞ்சம் மாறினாலும் எழும்பி லைற்றைப் போடுவோம். சொந்தக்காரருக்குச் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்குக் கலியாணப் பேச்சில் வந்து நிற்கும்.

ஆஸ்பத்திரியால் வெளியில் வந்து என் டெலிவரி வானில் ஏறியதும் துளசி வெடித்தாள்.

"அப்பா, நேற்று ட்ராஃபிக் லைற்றில நீங்கள் கண்ணை மூடிட்டீங்கள். நான்தான் தட்டி எழுப்பினனான்."

"அது களைப்பு, அம்மா."

"நானும் டயர்ட் அப்பா! திரும்பிப் படுத்தாலே அம்மா துள்ளி எழும்புறா. அதால அசையாமல், நித்திரை மாதிரிக் கிடக்கிறன். நித்திரை இல்லாட்டி ஃபிட்ஸ் கூடும் எண்டு டொக்டர் எத்தினை தரம் சொன்னவர்?"

எதை வரவிடக் கூடாது என்று காவல் இருந்தோமோ, அந்தக் காவலே அதைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கோபம் கோபமாக வந்தது. யாரிடம் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.

நர்ஸ் ஒரு கருவிக்கு ஒழுங்கு செய்தாள். மெத்தைக்குக் கீழே ஒரு தகடு. பிள்ளை உதறினால் எங்கள் அறையில் அலறும். "மெஷினுக்கென்ன தெரியும், பெத்தவளுக்குத் தெரியுமாப்போல?" என்று மனிசி ஒரு கிழமை சண்டை பிடித்தாள். கடைசியில் துளசி வென்றாள். எங்கள் மெத்தையைச் சுருட்டி வெளியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அந்த இரவே, விடியப்புறமாக, கருவி அலறியது. நாங்கள் மகளிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கண் திறக்க முன்னமே இரண்டுபேரும் கட்டிலிலிருந்து பாய்ந்து, காதைப் பொத்திக்கொண்டு, கார்ப்பெற்றில் குப்புறக் கிடந்தோம். சண்டைக் காலத்தில் வன்னியில் குண்டு போடக் கிபிர் விமானம் இரைந்து வரும்போது அப்படித்தான் கிடப்போம். எவ்வளவு நேரம் கிடந்தோமோ தெரியாது. மனிசிதான் "ஐயோ, பிள்ளை!" என்று கத்தினாள்.

விழுந்தடித்து ஓடினோம். துளசி அரைக்கண்ணால் பார்த்தாள். "ஒண்டுமில்லை, திரும்பிப் படுத்தனான். போய்ப் படுங்கோ."

கதவைச் சாத்திய மனிசி கைப்பிடியை விடவில்லை. "நாங்கள் அங்க கிடந்த நேரம்," என்றாள், "இங்க பிள்ளைக்கு உண்மையா வந்திருந்தால்?"