றெக்கை மிருகத்துக்காக உடைத்த தேங்காய்

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் வாசலில், பிள்ளை பிறக்க வேண்டும், வேலை கிடைக்க வேண்டும், மாடு சுகமாகக் கன்று போட வேண்டும் என்று எத்தனையோ பேர் சிதறுதேங்காய் உடைத்திருக்கிறார்கள். டிவிக்குள் இருக்கிற ஒரு மிருகம் சாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உடைத்தது நான் ஒருத்திதான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதினோரு வயது. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் எங்கள் ஊர். நைனாவுக்குக் கரும்பு வெட்டுகிற வேலை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். லீவு நாளில் நானும் வெட்டுக்குப் போவேன், தண்ணீர்க் குடமும் தீட்டுகல்லும் தூக்கிக்கொண்டு.

அந்த வருஷம் ஆயுதபூசை லீவுக்கு அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சென்னையிலிருந்து வந்தார். டிவி, சிடி பிளேயர் ரிப்பேர் பார்க்கிற கடையில் அவருக்கு வேலை. கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் கறுப்பாக ஒரு கேம் மிஷின். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்தது. சரிபார்த்தாகிவிட்டது, நின்றுபோகாமல் ஓடுகிறதா என்று நாலு நாள் ஓட்டிப் பார்த்துக் கொண்டுவரச் சொல்லி முதலாளியே கொடுத்தனுப்பினாராம். பெட்டியில் சிடி ஒன்றே ஒன்று இருந்தது, பேர் எதுவும் எழுதாமல், வெள்ளைக் காகித உறையில்.

காஞ்சிபுரத்திலிருந்து பெரியம்மாவின் பையன்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். பெரியண்ணன் ஒன்பதாவது, சின்னண்ணன் ஏழாவது. அரசாங்கம் கொடுத்த கலர் டிவியில் மாமா ஒயரைச் சொருகினதும் எல்லாரும் பாயில் குந்திவிட்டோம்.

பச்சைப் பசேல் என்று ஒரு மலை. ஒரு ஓடை. முதுகில் ஆள் உயரக் கத்தியோடு ஒரு வேட்டைக்காரன். இருபது நிமிஷத்துக்குள் அந்தக் காட்டில் இருக்கிற மிருகத்தைக் கொல்ல வேண்டும், மூன்று தடவை விழுந்தால் ஆட்டம் காலி என்று மாமா சொன்னார். இவ்வளவுதானா என்று அண்ணன்கள் சிரித்தார்கள். அப்புறம் வானத்திலிருந்து அது இறங்கியது. பல்லி மாதிரி உடம்பு, வௌவால் மாதிரி றெக்கை, கோயில் தூணில் இருக்கிற யாளி மாதிரி முகம். ஒரு கத்து கத்தியது. வேட்டைக்காரன் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். நானும் பொத்திக்கொண்டேன்.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "டேய், இது யாரு வாகனம்?"

"யாரு வாகனமும் இல்லக்கா. சும்மா மிருகம்."

"றெக்கை கீது. கருடன் மாதிரிதான்டா கீது. பசங்க கையால எதுக்கு அத்த அடிக்க சொல்ற? பாவம் சேராது?"

"அது அடிக்கிற அடியைப் பாருக்கா. பாவம் நம்மாளுக்குத்தான்."

உண்மைதான். அந்த ஆட்டம் யாருக்கும் இரக்கம் காட்டவில்லை. நம்மாள் கத்தியைத் தூக்கி ஓங்குவதற்குள் அது வாலைச் சுழற்றிவிடும். அடிபட்டு மருந்து குடித்தால், குடித்து முடித்த பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பான். அதற்குள் அடுத்த அடி. ஓடினால் மூச்சு வாங்கும். மிருகத்துக்கு இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று திரையில் எங்கேயும் காட்டாது. இரண்டு நாளில் அண்ணன்கள் எத்தனை தடவை செத்தார்கள் என்று எனக்குக் கணக்கில்லை.

அவர்கள் நாஷ்டா சாப்பிடப் போகிற நேரம்தான் எனக்குக் கிடைக்கும். முதல் தடவை நான் மிருகத்துக்குக் கிட்டேயே போகவில்லை. ஓடையோரம் நடந்தேன். செடிக்குப் பக்கத்தில் குந்தினால் வேட்டைக்காரன் இலை பறித்தான். நிறையப் பறித்தேன்.

சின்னண்ணன் வாயில் இட்லியோடு கத்தினான். "இன்னா பண்ணிக்கினு கீறா பாருடா இவ! கீரை பறிக்கிறா!"

"அப்பிடியே கொழம்பு வெச்சிட்டு கூப்புடும்மே. மிருகமும் சாப்பிட வரும்" என்றான் பெரியண்ணன்.

அழுகை வந்தது. அழவில்லை. அன்று சாயங்காலம் பால் வாங்கப் போகிற வழியில் பிள்ளையாரிடம் நின்று சொன்னேன். அந்த மிருகம் என் கையால் விழ வேண்டும், விழுந்தால் உனக்கு ஒரு தேங்காய். வேண்டிக்கொண்ட பிறகுதான் நினைப்பு வந்தது: பூசைக்கு மறுநாள் பதினோரு மணி பஸ்ஸுக்கு மாமா மிஷினோடு கிளம்பிவிடுவார்.

ஆயுதபூசை வந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பூசை பெரிய பூசை. நைனாவின் கரும்புவெட்டுக் கத்திகளைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்குவாள் அம்மா. அரிவாள், மண்வெட்டி, முறம், தீட்டுகல், என் பாடப் புத்தகம், மாமாவின் ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் இருக்கும். படைத்த பிறகு மறுநாள் காலையில் கற்பூரம் காட்டுகிற வரைக்கும் எதையும் தொடக் கூடாது.

குளித்துவிட்டு வந்து பார்க்கிறோம், கத்திகளுக்கு நடுவில் அந்தக் கறுப்பு மிஷின் இருக்கிறது. அதன் கைப்பிடியும்தான். கைப்பிடியில் இருந்த ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம்.

மாமாவுக்கு முகமே மாறிவிட்டது. "யக்கா! அது அடுத்தவங்க பொருள்க்கா!"

"அடுத்தவங்க பொருள்னா பூசை பண்ணக் கூடாதா? அவங்களுக்கும்தான் நல்லது" என்றாள் அம்மா. "ரெண்டு நாளா இந்தப் பசங்க கையில மாட்டிக்கினு பேஜாராயிருக்கும். ஒரு நாள் சும்மா இருக்கட்டும்."

அன்று முழுக்க யாரும் தொடவில்லை. அண்ணன்கள் பூசை இடத்தைப் பார்த்தபடியே பொரிகடலை தின்றார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். என் வேண்டுதலும் அந்த மிஷினும் சாமி முன்னால் ஒன்றாக இருந்தன.

மறுநாள் விஜயதசமி. அம்மா கற்பூரம் காட்டி முடித்ததும் மாமா ஈரத்துணியால் கைப்பிடியைத் துடைத்தார். எல்லாப் பட்டனும் அமுங்கி எழுந்தன, ஒன்றைத் தவிர. காய்ந்த சந்தனம் சந்தில் இறங்கி அது அப்படியே இறுகிவிட்டது. வேட்டைக்காரன் அடிக்குத் தப்பித் தரையில் உருளுவதற்கான பட்டன் அது.

"அது போச்சுன்னா ஆட்டமே போச்சு" என்றான் பெரியண்ணன். மாமா கடையில் போய்க் கழற்றிச் சுத்தம் பண்ணிக்கொள்கிறேன் என்றார். இருந்தாலும் அண்ணன்கள் ஆளுக்கொரு தடவை ஆடினார்கள். மிருகத்தின் முகத்துக்கு நேராகப் போய்ச் சொத்துச் சொத்தென்று வெட்டுவார்கள். கத்தி மொண்ணையாகிப் பாறையில் பட்டதுபோல் எகிறும். உடனே அங்கேயே, அதன் காலடியிலேயே குந்திக் கத்தியைத் தீட்டுவார்கள். வால் வந்து அடிக்கும். உருள முடியாது. மூன்று தடவை விழுந்து இரண்டு பேரும் முடித்தபோது மணி ஒன்பதரை. பத்துக்குத் தினமும் கரண்ட் போய்விடும்.

"மாமா, எனக்கு ஒரு தபா" என்றேன்.

"போயும் போயும் கீரைக்காரியா!" என்றான் சின்னண்ணன். மாமா கைப்பிடியை என் மடியில் வைத்தார். சந்தன வாசனை அடித்தது. கண்ணை மூடிப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

உருள முடியாது என்றால் அது அடிக்கிற இடத்தில் நிற்கவே கூடாது. நான் பின்னாலேயே சுற்றினேன். அது திரும்பினால் நானும் திரும்புவேன். ஒரு வெட்டு, விலகல். இன்னொரு வெட்டு, விலகல். நாலைந்து வெட்டு ஆனதும், கத்தி எகிறுவதற்கு முன்பே, மிருகத்தை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தேன்.

"பயந்து ஓடறா! பயந்து ஓடறா!"

நான் ஓடையைத் தாண்டி, பாறைக்கு அந்தப் பக்கம் போய்க் குந்தினேன். நிதானமாகக் கத்தியைத் தீட்டினேன். வருகிற வழியில் பறித்த இலையை ஒன்று தின்றேன். எழுந்து திரும்பப் போனேன்.

கரும்பு வெட்டில் அதுதான் முறை. வெட்டு நடக்கிற வரிசையில் யாரும் குந்தித் தீட்ட மாட்டார்கள். பக்கத்து ஆள் வீசுகிற கத்தி காலில் படும். தீட்ட வேண்டியவன் வரப்புக்கு வந்துவிட வேண்டும். அதுவும் மொண்ணையான பிறகு வந்தால் கை ஓய்ந்துபோகும். மொண்ணையாவதற்கு முன்பே வர வேண்டும். வரப்பில் கல்லோடு நிற்கிறவள் நான். எனக்குத் தெரியாதா?

மூன்றாவது தடவை நான் பாறைக்குப் பின்னால் போனபோது, கதவோரம் பீடியோடு உட்கார்ந்திருந்த நைனா எழுந்து உள்ளே வந்தார். அந்த நாலு நாளில் அவர் டிவி பக்கம் தலையைத் திருப்பினதே இல்லை.

"வரப்புக்குப் போய்த் தீட்டிக்கினு வர்றாடா" என்றார், யாரிடம் என்று தெரியாமல். "தே, பாருடா, வரப்புக்குப் போறா!" பாயில் குந்திவிட்டார்.

அண்ணன்கள் சத்தம் நின்றுவிட்டது. நடுவில் இரண்டு தடவை விழுந்தேன். இன்னொரு தடவை விழுந்தால் முடிந்தது. மாமா சுவர்க் கடிகாரத்தையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது மிருகம் ஒரு காலை இழுத்துக்கொண்டு நடந்தது.

"நொண்டுதுடி! நொண்டுது! விடாத!" என்று கத்தினான் சின்னண்ணன். அவன் எப்போது என் பக்கம் வந்தான் என்று தெரியாது.

அது பறந்து மலைக் குகைக்குப் போய்விட்டது. தேடிப் போனால், கூட்டில் சுருண்டு தூங்குகிறது. அடிக்கக் கை வரவில்லை. "பாவம் சேராது?" என்று அம்மா கேட்டது காதில் ஒலித்தது. நான் கைப்பிடியைத் தரையில் வைத்தேன். டிவியைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன்.

"ஐயோ, இன்னாடி பண்ற! நேரம் போவுது!" பெரியண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"நீ இரு, அது கரெக்டுதான்" என்றாள் அம்மா. கையில் கரண்டியோடு எப்போதோ வந்து நின்றிருக்கிறாள்.

எடுத்து வெட்டினேன். அது எழுந்தது, கத்தியது, இன்னும் இரண்டு வெட்டு. அப்படியே சாய்ந்தது. தாரைதப்பட்டை அடித்ததுபோல் டிவியில் ஒரு இசை. நைனா என் தலைமேல் கையை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

இசை நின்றதும் திரை கறுத்து, வெள்ளை எழுத்தில் நாலைந்து வரி இங்கிலீஷ் வந்தது.

"இன்னா மாமா போட்டுக்கீறான்?"

மாமா படித்தார். பெரியண்ணனும் படித்தான். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மாமா அவன் தொடைமேல் கையை வைத்து அழுத்தினார்.

"எல்லாத்தையும் ஜெயிச்சிட்டியாம் கண்ணு. இதுக்கு மேல ஆட்டமே இல்லியாம்" என்றார் மாமா. அந்த நொடியில் கரண்ட் போனது.

நைனாவே தேங்காய் எடுத்துக் கொடுத்தார். மாமாவைப் பஸ் ஏற்றப் போகிற வழியில் எல்லாரும் கோயிலில் நின்றோம். ஓங்கிப் போட்டேன். சில்லுச் சில்லாகத் தெறித்தது. பெரியண்ணன்தான் ஓடி ஓடிப் பொறுக்கினான். அந்த வருஷம் கரும்பு வெட்டு முடிகிற வரைக்கும் நைனா புது ஆள் யார் வந்தாலும் சொல்லுவார்: "எம் பொண்ணு டிவியில ஒரு மிருகத்தை வெட்டினா. தீட்டறதுக்கு எங்க போனா தெரியுமா?"

போன மழைக்காலத்தில் இந்தக் கதையை என் மகனிடம் சொன்னேன். ஐந்தாவது படிக்கிறான், செல்போனில் இப்படித்தான் எதையாவது சுட்டுக்கொண்டிருப்பான். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஒரே மிருகம், இருபது நிமிஷம், கடைசியில இங்கிலீஷ்ல எழுத்து. அது டெமோம்மா. மிட்டாய்க் கடையில ருசி பார்க்க ஒரு துண்டு குடுப்பாங்களே, அது மாதிரி. பிடிச்சிருந்தா முழு ஆட்டத்தையும் வாங்குங்கன்னு போட்டிருப்பான். முழு ஆட்டத்துல அந்த மாதிரி முப்பது மிருகம் இருக்கும்."

மாமாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அன்றைக்கு அந்த இங்கிலீஷில் என்ன போட்டிருந்தது என்று கேட்டேன்.

"கரண்ட் போயிடுச்சே கண்ணு. நான் சரியா படிக்கல" என்றார்.

கரண்ட் போனது அவர் படித்த பிறகு. நான் அதைச் சொல்லவில்லை. ஆட்டம் ஒரு துண்டாகவே இருந்திருக்கட்டும். நான் பிள்ளையாருக்கு உடைத்தது முழுத் தேங்காய்.

பெரியண்ணன் இன்றைக்கும் என்னைச் சும்மா விடுகிறவன் இல்லை. என் சமையல், என் ஸ்கூட்டி ஓட்டுகிற அழகு, என் இங்கிலீஷ், எதைப் பார்த்தாலும் கிண்டல்தான். ஆனால் கல்யாணம் காதுகுத்து என்று நாலு பேர் கூடுகிற இடத்தில், "மிருகத்தை வெட்டினது இவதான்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வான். அன்றைக்கு மாமா அவன் தொடையை அழுத்தியபோது, தோற்றவன் கோபத்தை அடக்குகிறார் என்றுதான் நினைத்தேன். அவன் தொடையிலிருந்து மாமா கையை எடுத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்த நாலைந்து வரியைப் பற்றி அவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை.