அண்ணன் விட்டுப்போன கற்கள்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். படிப்பு பத்தாவதோடு நின்றது. அண்ணனைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் நிலவியல் படித்தவர். சேலம் பக்கத்து மலைகளில் அலைந்து கல் சேர்த்தார். பிறகு வேலை கிடைத்து ஆஸ்திரேலியா போனார். அங்கேயே வீடு வாங்கினார், போன வருடம் அங்கேயே இறந்தார். போனில் செய்தி வந்தபோது சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வடித்து முடித்தேன்.

அவர் எழுதிய காகிதங்களை அங்குள்ள ஒரு பல்கலைக்கழகம் ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறது. ஆவடியில் எங்கள் வீட்டில் அவர் விட்டுப்போன கற்களையும் வரைபடங்களையும் அதோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டார்களாம். எடுத்துப் போக அவர் மகள் வந்திருந்தாள்.

“ஒவ்வொரு கல்லுலயும் வெள்ளைப் பெயின்ட் தடவி, அது மேல நம்பர் எழுதியிருப்பார் அத்தை. நம்பர் இருந்தாத்தான் எந்த மலையில எடுத்ததுன்னு தெரியும். இல்லேன்னா வெறும் கல்லு.”

என் கணவர் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிரங்குப் பெட்டியை இழுத்து வந்தார்.

“உங்க ஊர்ல கல்லே இல்லியா கண்ணு? பிளேன்ல ஏத்திகினு போறே!”

அவள் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தாள். கற்கள் பளிச்சென்று இருந்தன. எல்லாவற்றிலும் காய்ந்த சந்தனமும் குங்குமமும். எண் ஒன்றில்கூட இல்லை.

ஆயுத பூஜைக்கு முன்னால் மெஷினில் ஒட்டிய பெயின்ட்டைத் தின்னர் போட்டுத் துடைத்துப் பொட்டு வைப்பது தொழிற்சாலையில் பழக்கம். அண்ணன் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட வருடமே இவர் அந்தக் கற்களையும் அப்படித் துடைத்துப் பூஜையில் வைத்தார். பிறகு ஒவ்வொரு வருடமும் வைத்தோம். எங்களுக்கு அவை அண்ணனின் ஆயுதம்.

“மச்சான் தொழிலாச்சேன்னு மருவாதியா தொடச்சேம்மா. பெயின்ட்டு சிந்திகீதுன்னு நெனச்சேன்,” என்றார். குரல் இறங்கிவிட்டது.

அவள் பெட்டியின் அடியில் கிடந்த கல் வரை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“வேற ஏதாவது அடையாளம் ஞாபகம் இருக்கா அத்தை?”

“இல்லம்மா.”

“பரவால்ல மாமா,” என்று அவரைப் பார்த்துச் சொன்னாள். அதன்பின் கற்களைத் தொடவில்லை. வரைபடங்களை மட்டும் சுருட்டிக் கட்டினாள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. காபி போட்டேன்.

மறுநாள் அவள் வரச் சொன்ன கூரியர்காரர் வந்து வரைபடங்களை எடுத்துப் போனார். என் கணவர் கற்பெட்டியைப் பூட்டி மாடிப்படிக்குக் கீழே தள்ளினார்.