கப்பல் தாமதமானால் வரும் காய்ச்சல்

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மோதிர விரலில் ஊசி குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தடவி எடுத்துப் போயிருந்தார்கள். ரத்தத் தடவல் (மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) அந்த வருடத்தில் எனக்கு அது மூன்றாவது. முதல் இரண்டு முறையும் கிருமி இல்லை.

எழுந்து நிற்க முடியாத சோர்வு, கைகால் வலி, இரண்டு நாள் விடாத தூக்கம், விழித்தால் பானைச் சோற்றையும் தின்று தீர்க்கிற பசி. காய்ச்சல் மட்டும் கிடையாது. அதனால் என்ன, அந்தமானில் அன்றைக்கு உடம்பு முடியவில்லை என்றால் மலேரியா என்றுதான் அர்த்தம். எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. மலேரியாவுக்கு விடுப்பு உண்டு, அக்கம்பக்கத்தில் கஞ்சி கொண்டுவந்து தருவார்கள், யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

அந்த வருடத் தொடக்கத்தில் வந்திருந்த வங்காள டாக்டர் என் பழைய சீட்டுகளை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். "புக்கார் நஹீ ஹை" என்றார், காய்ச்சல் இல்லை என்று. பிறகு, "ஜஹாஜ் கப் ஆயேகா?" என்று கேட்டார்.

கப்பல் எப்போது வரும் என்பது இந்தத் தீவில் எல்லாரும் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி. அவரும் ஊரிலிருந்து கடிதம் எதிர்பார்க்கிறார் போலும் என்று நினைத்தேன். ஆறு நாள் தாமதம், இன்னும் செய்தி இல்லை என்றேன். அவர் சீட்டுகளைத் தட்டிக் காட்டி இந்தியில் நிதானமாகச் சொன்னார். போன முறை நீ படுத்தபோதும் கப்பல் தாமதம், அதற்கு முந்தைய முறையும் தாமதம். கப்பலில் உனக்கு என்ன வருகிறது?

"வெங்காயம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது. ஆஸ்பத்திரிக்கு வந்தவளிடம் போலீஸ்காரர் மாதிரி விசாரணையா என்று குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இதை வாசிக்கும் உங்களிடம் யாராவது இப்படி ஒரு சாதாரணக் கேள்வி கேட்டு, நீங்களும் இப்படி எழுந்து வந்திருந்தால், அந்தக் கோபத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சோர்வும் பசியும் அப்புறம். என் நோயின் முதல் அடையாளம் அந்தக் கோபம்தான்.

நான் கப்பல் பயணச்சீட்டு ஒதுக்கும் அரசுப் பிரிவில் தட்டச்சு வேலை பார்த்தேன். கணவர் மராமத்து இலாகாவில் ஓவர்சியர். புரோத்ராபூரில் வீடு. மகள் வள்ளி பிறந்த பிறகு திருநெல்வேலிக்கு விடுப்பில் போனபோது, உடம்பு பெருத்துவிட்டது என்று ஒரு டாக்டர் சிறிய வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆம்ஃபெட்டமின் (பசியையும் தூக்கத்தையும் அடக்கி, உடம்பையும் மனத்தையும் முடுக்கிவிடும் மருந்து). காலையில் பாதி மாத்திரை போதும் என்றார்.

பொய் சொல்ல மாட்டேன், அது பிரமாதமாக இருந்தது. விடியுமுன் சமையல், பஸ் பிடித்து ஆபீஸ், திரும்பி வந்ததும் மாடு, பிள்ளை, அதற்கு மேல் காண்டிராக்டர்களுக்கு டெண்டர் தட்டச்சு. அலுப்பு என்றால் என்னவென்றே மறந்து போனது. கோமதி மாதிரி உழைக்க இந்தத் தீவில் ஆள் உண்டா என்றார்கள். குடிகாரனை ஊரே ஏசும். என்னை ஊரே மெச்சியது. அதனால்தான் என்னைக் கண்டுபிடிக்க இத்தனை நாளானது.

கொண்டுவந்த மாத்திரை தீர்ந்ததும் அபர்டீன் பஜாரில் காதர் பாய் கடையில் கேட்டேன். தலை எண்ணெய், ஊதுபத்தி, பிஸ்கட் எல்லாம் மெட்ராஸிலிருந்து வரவழைப்பவர். அடுத்த கப்பலில் மாத்திரையும் வந்தது. பாதி ஒன்றானது, ஒன்று மூன்றானது, பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். வளையல்கள் முழங்கைவரை ஏறின. பல்லை நறநறவென்று கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பற்கள் தேய்ந்தன. பக்கத்து மேசைப் பெண் என்னைப் பற்றி யாருக்கோ எழுதுகிறாள் என்று தோன்ற ஆரம்பித்தது. மாத்திரைகளைப் பவுடர் டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன்.

டாக்டரிடம் கோபித்துக்கொண்டு வந்த அடுத்த வாரம், அவர் சொன்னது தவறு என்று நிரூபிக்க ஒரு வேலை செய்தேன். கப்பல் வருகை அறிவிப்புகளின் கார்பன் நகல்கள் என் அலமாரியில்தான் இருந்தன. என் விடுப்பு மனுக்களின் நகல்களும் இருந்தன. இரண்டையும் தட்டியது நான், ஒரே இயந்திரத்தில். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "கப்பல் தாமதம்" என்று ஒரு தாள், அதற்கு நான்கைந்து நாள் கழித்து "மலேரியா" என்று ஒரு தாள். மூன்று ஜோடி. கப்பல் நேரத்துக்கு வந்த மாதங்களில் எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. மாத்திரை தீர்ந்த நாட்களில்தான் நான் விழுந்திருக்கிறேன்.

தெரிந்துவிட்டதே, நிறுத்தியிருப்பாள் என்று நினைப்பீர்கள். அதற்குள் கப்பல் வந்துவிட்டது. அன்று மாலையே காதர் பாய் கடையில் நின்றேன். தெரிந்துகொள்வது வேறு, விடுவது வேறு. நோயாளிக்கு இது புரியும், வீட்டாருக்குத்தான் புரியாது.

அந்தக் கப்பல் போன பிறகு ஒரு நாள் மாலை, அரிசி எடுக்க வந்த வள்ளி பானைக்குள் கையை விட்டாள். ஆறு வயதுப் பிள்ளை. என்னை வேவு பார்க்க இவளை யாரோ ஏவியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். ஜூன் மாத மழை. கணவர் வேலையிலிருந்து திரும்பியபோது பிள்ளை நனைந்து நடுங்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட வேண்டிய விஷயம்தான், வெட்கப்படுகிறேன். மற்றதற்கெல்லாம் வெட்கப்பட மாட்டேன்.

நாலு நாள் கழித்து, தட்டச்சுக்கு வந்த பயண மனுக்களில் என் கணவரின் கையெழுத்தைப் பார்த்தேன். அடுத்த கப்பலில் மூன்று பேருக்கு இடம். காரணம், மனைவிக்கு மனநல மருத்துவமனையில் சிகிச்சை. திரும்பும் பயணம் அவருக்கு மட்டும். எங்கள் பெயர்களைப் பட்டியலில் பிழையில்லாமல் தட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே" என்றேன்.

"நான் என்ன செய்ய கோமதி? பிள்ளைய மழையில நிறுத்திட்டியே. மெயின்லேண்டுக்குப் போனாத்தான் சரிப்படும்னு எங்க அண்ணனும் சொல்லுதாரு."

"வள்ளி?"

"ஊர்ல எங்கம்மைகிட்ட இருக்கட்டும். உனக்குச் சொகமாகுத வரைக்கும்."

அது எத்தனை வருடம் என்று அவருக்கும் தெரியாது. பிள்ளை என்னை மறந்துபோகிற அளவுக்குக்கூட இருக்கலாம். அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது.

"எனக்குப் பைத்தியம் இல்ல. நான் மாத்திரை திங்குதேன். ரெண்டும் வேற வேற."

"என்ன மாத்திரை?"

பவுடர் டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் திறந்து, மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். அவருக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை இருவரும் வங்காள டாக்டரிடம் போனோம். கப்பலில் எனக்கு வருவது இதுதான் என்று டப்பாவை மேசையில் வைத்தேன். அவர் திட்டவில்லை. இதை முறிக்கும் மருந்து என்று எதுவும் கிடையாது என்றார். தூக்கம், சாப்பாடு, பக்கத்தில் ஆள், இவ்வளவுதான் வைத்தியம். வீட்டில் தனியாக நிறுத்த வேண்டாம், நிறுத்திய பிறகு வரும் மனச்சோர்வு உயிருக்கே ஆபத்தாகலாம். இங்கே பொது வார்டில் சேர்த்துக்கொள்கிறேன். மெயின்லேண்ட் மருத்துவமனையும் ஒரு வழிதான், அதில் கேவலம் இல்லை. இரண்டு வாரத்தில் உன் சந்தேகங்கள் போகாவிட்டால் நீ கப்பல் ஏற வேண்டும், அப்போது என்னோடு சண்டை போடக்கூடாது என்றார்.

"போட மாட்டேன்" என்றேன். கப்பல் வர மூன்று வாரம் இருந்தது.

முதல் நான்கு நாள் தூங்கினேன். விழித்தபோதெல்லாம் தின்றேன். ஆஸ்பத்திரிச் சோறும் பருப்பும் போதாமல் கணவர் வீட்டிலிருந்து மீன் குழம்பு கொண்டுவந்தார். அதுவரை மலேரியா என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான் (விலகல் நிலை, பழகிய மருந்து கிடைக்காதபோது உடம்பு படும் பாடு).

ஐந்தாம் நாள் வேறொன்று வந்தது. எதிலும் ருசி இல்லை, எதற்கும் அர்த்தம் இல்லை. ஜன்னல் வழியே கடல் தெரியும். அந்தக் கடலை நான் பார்த்த விதம் எனக்கே பயமாக இருந்தது. அதை டாக்டரிடம் அப்படியே சொன்னேன். உடனே என் கட்டிலை நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில் போடச் சொன்னார், கணவரை விடுப்பு எடுத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். உங்களுக்கும் அப்படி ஒரு எண்ணம் வந்தால், வந்த நிமிடமே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். அழகாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பதாம் நாள் தோற்றேன். பாவாடை மடிப்பில் மூன்று மாத்திரைகளைத் தைத்து வைத்திருந்தேன். ஒன்றை விழுங்கினேன். கொஞ்ச நேரம் பழைய கோமதி வந்து உட்கார்ந்தாள், வார்டு முழுவதையும் பெருக்கித் துடைக்கலாம் போலிருந்தது. பிறகு அழுதேன். மீதி இரண்டையும் டாக்டர் மேசையில் வைத்தேன். கணவரின் முகம் தொங்கிப்போனது. டாக்டர் மட்டும், "டீக் ஹை. போலா தோ சஹீ" என்றார். பரவாயில்லை, சொன்னாயே என்று.

அடுத்த அறையில் பெண்கள் சிரிக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினான்காம் நாள் சிரிப்புச் சத்தம் கேட்டு எழுந்து போய் என்ன என்று கேட்டேன். பெரார்கஞ்சிலிருந்து வந்த ஒருவர், பிரசவித்த மனைவிக்குப் பத்தியம் என்று உயிர்க்கோழியைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். கோழி கட்டிலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. நானும் சிரித்தேன். டாக்டர் அன்றைக்கு என் சீட்டில் ஏதோ எழுதிவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

ஆபீசில் விடுப்பு மனுவை நானே தட்டினேன். காரணம் என்ற இடத்தில், தூக்கத்தையும் பசியையும் அடக்கும் மாத்திரைக்கு அடிமையானதால் சிகிச்சை என்று போட்டேன். ஹெட் கிளார்க் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நல்ல மனிதர், எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

"என்னம்மா இது? மலேரியான்னு போட்டுடு. இங்க யாருக்குத்தான் மலேரியா வரல?"

"மூணு தடவ போட்டேன் சார். மூணும் பொய்."

"வேலைக்கு ஆபத்தும்மா. நாளைக்கு ஊரே பேசும்."

"பேசட்டும் சார். ஊருக்கே தெரிஞ்சா எனக்கு ஒருத்தரும் மாத்திரை தர மாட்டாங்கல்லா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மனு மேலே போனது. விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்தது. அதை வேறு யாரோ தட்டியிருந்தார்கள், நாலு பிழை. டாக்டரின் சான்றிதழை இணைத்துப் பதில் கொடுத்தேன். வேலை போகவில்லை, ஆனால் என்னைக் கப்பல் பிரிவிலிருந்து விவசாயப் பிரிவுக்கு மாற்றினார்கள். நம்பிக்கைக் குறைவு என்று சொன்னார்கள். தென்னங்கன்றுகளின் பட்டியல் தட்டுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மனு கொடுத்த அதே வாரம் சனிக்கிழமை மத்தியானம், கூட்டமாக இருக்கும் நேரம் பார்த்துக் காதர் பாய் கடைக்குப் போனேன். கணவரும் வந்தார், தெருவிலேயே நின்றுகொண்டார்.

"பாய், அந்த வெள்ளை மாத்திரைய இனிமே எனக்குத் தராதீங்க. நான் அழுது கேட்டாலும் தராதீங்க. அதுக்கு நான் அடிமையாயிட்டேன், ஆஸ்பத்திரில கெடந்து வந்திருக்கேன்" என்றேன். எண்ணெய் வாங்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாய் முகம் வெளுத்துவிட்டது. "அல்லாவே, நான் டானிக்குன்னுல்ல தங்கச்சி நெனச்சேன். டாக்டர் எழுதின மருந்துதானேன்னு வரவழைச்சுக் குடுத்தேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் பாய்."

பஜாரில் அந்த மருந்து வைத்திருந்த மற்ற இரண்டு கடைகளிலும் ஏறி இதையே சொன்னேன். புரோத்ராபூர் பஸ் கிளம்புவதற்குள் விஷயம் பஸ்ஸில் ஏறிவிட்டது. என்னைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். இந்த முறை நிஜமாகவே என்னைப் பற்றித்தான் பேசினார்கள், எனக்கு அது தெரியும், அதனால் பயம் இல்லை. தீவில் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அதுவரை அலுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஊர் வாயையே எனக்குக் காவல் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் ஒரு தாளை எடுத்து, மூன்று இடங்களையும் ரத்து செய்யச் சொல்லி எழுதினார். எழுதிவிட்டு, "சரியா இருக்கான்னு பாரு" என்று என்னிடம் நீட்டினார். சரியாக இருந்தது. கப்பல் வந்தது, போனது. எங்கள் இடத்தில் வேறு யாரோ ஊருக்குப் போனார்கள். வள்ளி அன்று பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து என் மடியில் படுத்துத் தூங்கினாள்.

இதெல்லாம் நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. முதல் வருடம் எளிதாக இல்லை. மழை நாட்களில் அரிசிப் பானையைத் திறக்கும்போது கை தானாகத் துழாவும். இன்றைக்கும் யாராவது டாக்டர் புது மாத்திரை எழுதினால், முதலில் என் கதையைச் சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறேன். மாத்திரை எழுதித் தந்தவர் டாக்டர்தானே என்று உங்களுக்குள் ஒரு குரல் சமாதானம் சொல்லும். எனக்கும் சொன்னது. அதை நம்பாதீர்கள், இன்னொரு டாக்டரிடம் போய் முழு உண்மையையும் சொல்லுங்கள்.

உடம்பு பழையபடி பெருத்துவிட்டது. வளையல்கள் மணிக்கட்டில் நிற்கின்றன. மத்தியானம் மூன்று மணிக்குச் சோர்வு வருகிறது, வரட்டும் என்று விடுகிறேன். தட்டச்சில் வேகம் குறைந்துவிட்டது, கோமதி முன்னைப்போல் இல்லை என்கிறார்கள். ஆமாம், இல்லை. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் உத்தேசமும் இல்லை.

முன்பெல்லாம் என் நாட்கள் கப்பலைக் கொண்டு நகர்ந்தன. வந்து எத்தனை நாள், வர எத்தனை நாள், அவ்வளவுதான் காலண்டர். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வள்ளி சாம்பாரைக் கிளறிவிட்டு, வெங்காயமே இல்லையே என்றாள்.

"கடையில இல்லளா" என்றேன்.

"ஜஹாஜ் பதினோரு நாள் லேட்டும்மா. ஊரே பேசுது, ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பதினோரு நாளும் ஆபீஸ் போய் வந்திருக்கிறேன், மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறேன், படுத்தவுடன் தூங்கியிருக்கிறேன். கப்பலில் உனக்கு என்ன வருகிறது என்று அந்த டாக்டர் கேட்டதற்கு அன்று நான் சொன்ன பதில் பொய். இன்றைக்கு அது உண்மை. வெங்காயம் இல்லாத சாம்பாரை ஊற்றி இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டேன்.