திருமங்கலத்துத் தண்ணீர் நீலமாகாத கதை

தங்கம் என்றால் ஊருக்கே மஞ்சள். என் ஆய்வகத்தில் அது சிவப்பு. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால் மாதுளைச் சாறு மாதிரி நிறம் வரும். அதில் ஈயம் கலந்த தண்ணீரை விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீலமாகிவிடும். வெறும் கண்ணாலேயே ஈயத்தைக் கண்டுபிடிக்க இந்த வழியை வைத்துக்கொண்டு மதுரையில் நான்கு வருடங்களாக மல்லுக்கட்டினேன்.

காய்ச்சி வடித்த நீரில் அருமையாக வேலை செய்தது. போர் தண்ணீரில் மானத்தை வாங்கியது. எங்கள் பக்கத்துத் தண்ணீரின் உப்பே துகள்களை ஒட்டவைத்துவிடும். ஈயம் இருந்தாலும் நீலம், இல்லாவிட்டாலும் நீலம். குடுவையைச் சுவரில் எறியலாம் போல எரிச்சல் வரும்.

உப்பைத் தாங்கத் துகள்களுக்குப் புதுப் பூச்சு ஒன்று போட்டேன். அதை முதலில் சோதித்தது திருமங்கலத்தைத் தாண்டி ஒரு வீட்டுத் தண்ணீரில். வீட்டுக்குப் பின்னால் பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகை. போரில் ஈயம் இறங்கியிருக்குமோ என்று அந்த வீட்டு அண்ணனுக்குப் பயம். அவர் கொட்டகையைக் காட்டக் கூட்டிப்போனபோது, அவர் மனைவியிடம் பாட்டிலை நீட்டி, "தண்ணி பிடிச்சு வைங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

அந்தத் தண்ணீரில் சிவப்பு மாறவே இல்லை. வேறு கருவியில் சரிபார்க்கும் பொறுமைகூட எனக்கு இல்லை. உடனே போன் போட்டு, "தண்ணி நல்லாருக்குண்ணே" என்றேன்.

அடுத்த மாதம் மறுபடி போனேன். இந்த முறை நானே குழாயில் பிடித்து, கொண்டுபோன கரைசலில் விட்டுப் பார்த்தேன். நீலம்.

"போன தடவை இதுலதானக்கா பிடிச்சீங்க?"

"அது கேன் தண்ணில்ல தம்பி? வீடு தேடி வந்த பிள்ளைக்கு உப்புத் தண்ணியவா குடுத்து விடுறது?"

தலையில் அடித்துக்கொண்டேன். கேனைத் தேடினேன், காணோம்.

"நீங்க சொன்னதும் கேன் வாங்குறத நிறுத்தியாச்சு" என்றார் அண்ணன். "கொஞ்சம் கரிக்குது, அம்புட்டுத்தான். அப்ப இதுல ஈயம் இருக்கா தம்பி?"

"உப்பாவும் இருக்கலாம். தெரியலண்ணே" என்றேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளைக் கூப்பிட்டு, அவள் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து, வாசலில் கவிழ்த்தார். பாதிக்கு மேல் அவள் குடித்திருந்தாள்.