அம்மன் வரும் சந்தில் நான் வைத்த புல்தரை

வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு வந்திருக்கும் அக்கா தங்கைகளே, கங்கையம்மன் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் அவள் நன்மையைச் சொல்ல வேண்டுமானால் என் லட்சணத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். செல்வி அக்கா வந்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். வந்திருக்கிறாள். கேட்டுவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

போன வருஷம் தை மாசம், பொன்னேரியில் நான் வேலை பார்த்த இன்ஜினியர் ஆபீஸை மூடிவிட்டார்கள். வீட்டு பிளான்களைப் பிரிண்ட் எடுத்து மடித்துக் கொடுப்பதுதான் அங்கே என் வேலை. அந்தச் சமயம் பார்த்து நம் ஏரி கடலில் சேரும் முகத்துவாரமும் மணல் மூடிக் கிடந்தது. கடல் தண்ணீர் உள்ளே வராமல் ஏரியில் மீனே இல்லை. என் வீட்டுக்காரர் குமார் வெறும் வலையோடு கரையேறுவார். முகத்தில் சிரிப்பே போய்விட்டது. அந்த முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

நாமே வீடு டிசைன் செய்து கொடுத்தால் என்ன என்று தோன்றியது. பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, வீடியோ பார்த்து சாஃப்ட்வேரைக் கற்க ஆரம்பித்தேன். சொல்லித்தரும் ஆள் இந்தியிலும் இங்கிலீஷிலும் மாறி மாறிப் பேசுவான். எனக்கு இரண்டுமே அரைகுறை. அவன் பேச்சை விட்டுவிட்டு, திரையில் அம்பு எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். நான் முதலில் கட்டிய வீட்டுக்கு வாசலே இல்லை. குமார் எட்டிப் பார்த்து, "உள்ள கீறவன் எப்டிமே வெளிய வருவான்?" என்றார். வெகு நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார்.

அந்த சாஃப்ட்வேர் ஒரு மாசம்தான் இலவசம். அதற்குப் பிறகு வருஷச் சந்தா கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வரைந்ததைப் பிரிண்ட் எடுக்க விடாது. மீதி எத்தனை நாள் என்று திரையின் ஓரத்தில் தினமும் குறைத்துக் காட்டும்.  சந்தாவுக்கு நான் எங்கே போவேன்? கங்கையம்மன் கோயில் படியில் உட்கார்ந்து அழுதேன். "தாயே, இந்த மாசம் முடியறதுக்குள்ள ஒரே ஒரு வீடு குடு. அதுக்கப்புறம் உன்ன தொந்தரவு பண்ண மாட்டேன்."

கொடுத்தாள். அடுத்த வாரமே தனசேகர் அண்ணன் வீடு தேடி வந்தார். கடலுக்குப் போகும் போட் இரண்டு வைத்திருப்பவர் என்று உங்களுக்கே தெரியும். ஏரிக்கரை மனையில் வீடு கட்டப் போகிறேன், நீயே படம் போட்டுக் கொடு என்றார்.

டேப்பை எடுத்துக்கொண்டு போய் மனையை அளந்திருக்க வேண்டும். போகவில்லை. மாசம் முடியப் போகிறதே என்ற பதற்றம். அண்ணன் வாயால் சொன்ன அளவை அப்படியே போட்டு, நாலு மூலையும் நேராக ஒரு கட்டம் இழுத்தேன். வீடு நன்றாகத்தான் வந்தது. பின்பக்கம் மட்டும் மொட்டையாகத் தெரிந்தது. சாஃப்ட்வேரில் மரம், செடி எல்லாம் தயாராக இருக்கும். இழுத்து வைத்தால் போதும். ஒரு புல்தரையை இழுத்து வைத்தேன். சுற்றிலும் மதில். ஒரு ஊஞ்சல். அதுவும் போதாதென்று ஒரு நாய்.

அந்தப் புல்தரையை நான் வைத்த இடம் எது தெரியுமா? ஏரிக்குப் போகும் நம் சந்து. கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் விடியும் முன் பறிக்கூடையோடு போகிற சந்து. ஆடி மாசம் ஏரித் தண்ணீரில் கரகம் ஜோடித்து, அம்மன் ஊருக்குள் வருகிற சந்து. தெரியாமல் வைத்தேன் என்று சொன்னால் அவள் என் நாக்கை அறுப்பாள். தெரிந்தது. படம்தானே, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் மனைவி கோமளா அண்ணி படத்தைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஐய, ஷோக்கா கீதே! நம்ம உப்பு மண்ணுல புல்லா? அது இன்னா நாயி தேவி, கரடி மாதிரி?" அண்ணன், "படத்துல கீற மாதிரியே கட்டணும். ஒண்ணும் கொறையக் கூடாது" என்றார். பின்னால் சந்து இருக்குதேண்ணே என்று நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவர் அட்வான்ஸை எடுத்து நீட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கே சந்தா கட்டினேன். கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றி நன்றி வேறு சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அண்ணன் முதலில் மதிலைத்தான் எழுப்பினார். பெண்கள் தார் ரோட்டைச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். என் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா ஈரப் புடவையோடு, பறியைத் தூக்கிக்கொண்டு, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வருவாள். அவள் தலை தெரிந்தால் நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஆனி மாசம் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஆடிக்கு அம்மன் எந்த வழியாக வருவாள் என்று கேட்டார்கள். அண்ணன் என் பிரிண்டை விரித்தார். "கம்ப்யூட்டர்ல போட்ட பிளான் இது. இதுல சந்து எங்க கீதுன்னு காட்டுங்க, நானே இடிச்சுடறேன்." தாள் கை மாறிக் கை மாறிப் போனது. "கம்ப்யூட்டரு பொய்யா சொல்லும்?" என்றார் ஒருவர். "நம்ம தேவிகா போட்டதுப்பா!" என்று பெருமையாகச் சொன்னார் இன்னொருவர். அந்தப் பெருமை எனக்குச் செருப்படியாக விழுந்தது. அப்போதும் நான் பேசவில்லை.

கோயிலுக்குப் போய் இன்னொரு வேண்டுதல் வைத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. "தாயே, ஒரு பெரிய மழை குடு. அந்த மதிலு தானா விழட்டும். என் பேரு வெளிய வர வேணாம்." மழை வந்தது. கொட்டு கொட்டென்று கொட்டியது. மதிலில் ஒரு விரிசல் கூட இல்லை.

மறுநாள் செல்வி அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கதவைச் சாத்த நேரமில்லை. "தேவி, நீ படிச்சவ. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அந்தச் சந்து மெய்யாலுமே இருந்துச்சா? இல்ல, இத்தினி வருஷமா நான் அடுத்தவங்க எடத்துலதான் நடந்துகினு இருந்தேனா? அப்டின்னா தனசேகரு கிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுடறேன்."

ஐயோ தாயே! அந்தச் சந்தில் நடந்து நடந்தே பிழைத்தவள். நான் இழுத்து வைத்த பச்சைக் கட்டத்தைப் பார்த்து, தன் காலையே சந்தேகப்பட்டு வந்து நிற்கிறாள். "இருந்துச்சுக்கா" என்று மட்டும் சொன்னேன். 

நேரே கோயிலுக்கு ஓடினேன். இந்த முறை மழை கேட்கவில்லை. "எனக்கு வாயக் குடு தாயே. தொழில் போனா போவட்டும்" என்றேன். அவ்வளவுதான் என் வேண்டுதல்.

அடுத்த கூட்டத்துக்கு லேப்டாப்போடு போனேன்.  வாய் திறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது என் தைரியம் இல்லை. "இந்தப் புல்லு நான் வெச்சது. இந்த ஊஞ்சல் நான் வெச்சது. நாயும் நான் வெச்சதுதான்" என்று ஒவ்வொன்றாக எல்லார் முன்னாலும் அழித்தேன். கடைசியில் மதிலையும் அழித்தேன். "இங்கதான் சந்து. அளக்காம போட்டேன். தெரிஞ்சேதான் மறைச்சேன்."

தனசேகர் அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "ஊரு முன்னாடி என்ன முட்டாளாக்கிட்டியே!" என்று கத்தினார். "ஆமாண்ணே" என்றேன். வேறு என்ன சொல்வது? வாங்கிய பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறேன், புதுப் பிளான் சும்மாவே போட்டுத் தருகிறேன் என்றேன்.  அப்போது கோமளா அண்ணி எழுந்தார். "அம்மன் வர்ற வழியில ஊஞ்சல் கட்டி ஆட நான் யாரு? இடிச்சுடுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த நாய மட்டும் வெச்சுக்கலாமா?" என்றார். கூட்டமே சிரித்தது. நான் மட்டும் அழுதேன்.

மதிலை இடித்தார்கள். ஆடி முடிந்த பிறகுதான் அண்ணன் என்னோடு பேசினார். அவர் கோபம் நியாயம்தான். இந்த முறை டேப்போடு போனேன். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் நின்றபோது, பறியைக் கீழே வைத்துவிட்டு வந்து பிடித்தவள் செல்வி அக்காதான்.  "நல்லா இழுத்துப் புடி, தொய்யுது பாரு" என்றாள். பறியோடு இரண்டு பேர் எதிரும் புதிருமாகப் போகிற அகலத்துக்குச் சந்தை விட்டு, அதற்கு வீட்டுப் பக்கமாகத்தான் படத்தில் மதிலைப் போட்டேன்.

ஆடியில் அம்மன் அந்தச் சந்து வழியாகத்தான் வந்தாள். என்னால் தலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் பாதம் போன ஈர மண்ணைத் தொட்டுக் கும்பிட்டேன்.

தொழில் போகவில்லை. காட்டூரிலிருந்து கூட ஆள் வருகிறார்கள். இந்த வருஷச் சந்தாவைக் கூசாமல் கட்டினேன். இப்போதெல்லாம் எந்த மனையானாலும் முதலில் சுற்றி நடந்து, யார் யார் அந்த வழியாகப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறக்கிறேன்.

தங்கைகளே, அம்மனிடம் கேளுங்கள், கொடுப்பாள். ஆனால் செய்த தப்பை மூடி மறைக்க மழை கேட்காதீர்கள். உண்மையைச் சொல்ல வாயைக் கேளுங்கள். எனக்கே கொடுத்தவள், உங்களுக்குக் கொடுக்க மாட்டாளா?

இன்னும் ஒன்று பாக்கி. ஊர்க்கூட்டத்தில் எல்லாம் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் வாய் வரவில்லை. செல்வி அக்கா, அன்றைக்கு நீ மன்னிப்புக் கேட்கிறேன் என்று என் வாசலில் நின்றாயே. கேட்க வேண்டியவள் நான். இதோ கேட்கிறேன்.